பாடும் பங்கும்

பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஏரி எவருடைய தனிச்சொத்துமன்று. ஆயினும் வளமான மீன்பிடி இடங்களில் யார், எந்நாள் வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்தே தீர்மானிப்பர். பொதுவான நீர் என்பதாலேயே எவரும் எப்படியும் அள்ளிச் செல்லலாகாது என்பதே இம்முறையின் நீதி.

இந்நீதி இன்று எழுத்துலகிற்கும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் பிறர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டே பேசக் கற்கின்றன. எழுதியோரின் இசைவு வேண்டாவா? 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இவ்வினாவை நம் நாட்டின்முன் வைத்தது. 2025 டிசம்பரில் நடுவண் அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிட்ட குழு அறிக்கை ஒரு வழியை முன்மொழிந்தது: சட்டப்படி பெற்ற படைப்புகளால் இயந்திரங்களைப் பயிற்றுவிக்கலாம், படைப்பாளி மறுக்க இயலாது, அவருக்குரிய தொகையை ஒரு மைய அமைப்பு நிறுவனங்களிடம் திரட்டிப் பகிர்ந்தளிக்கும்.

அறிவைப் பூட்டி வைக்காமலும், உழைத்தவரை மறவாமலும் இருக்க முயல்வது இம்முன்மொழிவின் சிறப்பு. மண்ணுலகச் செல்வங்கள் மாந்தர் அனைவருக்கும் உரியவை என்பதும், உழைப்புக்கு நேரிய ஊதியம் தரப்படவேண்டும் என்பதும் திருச்சபையின் சமூகப் போதனைகளல்லவா? 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் வரைந்த பதின்மூன்றாம் லியோவை நினைந்தே தாம் அப்பெயரை ஏற்றதாகத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் கூறியபோது, செயற்கை நுண்ணறிவையும் சுட்டிக்காட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயின், மறுக்கும் உரிமையைப் பறிப்பது ஏற்புடையதன்று. தமிழறிஞர் நூல்களை நாட்டுடைமையாக்கும் தமிழக அரசு, மரபுரிமையர்க்குத் தொகை வழங்கியே அவற்றைப் பொதுவாக்குகிறது. 2009இல் கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பத்தார் இசையவில்லை. அவர்களை அரசு கட்டாயப்படுத்தவில்லை. மக்களாட்சி அரசு காட்டிய அந்தக் கண்ணியத்தை வணிக நிறுவனங்களுக்காக நாம் கைவிடுவானேன்?

இன்னொரு குறையைப் பழவேற்காடே நமக்குக் காட்டுகிறது. பாடு முறையில் இடம்பெறாத பிற சமூகத்தார்க்கு வளமான இடங்களில் முறை கிடைப்பதில்லை. ஒழுங்குள்ள பங்கீடும் பட்டியலுக்கு வெளியே நிற்போரை மறந்துவிடக்கூடும். தமிழகக் கடற்கரைகளில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களுக்கு ஆசிரியர் பெயரில்லை. இயந்திரம் அவற்றையும் கற்கும். பங்கு பெறவோ பெயரைப் பதிய ஆளில்லை. இத்தகைய வாய்மொழிச் செல்வத்திற்கு அந்தந்த ஊர்களையே உரிமையாளராகக் கருதி, ஒரு பங்கை அவர்தம் பள்ளிக்கும் நூலகத்திற்கும் ஒதுக்குவதே முறையாகும்.

ஆகவே பயிற்சியைத் தடுக்கவேண்டியதில்லை. மறுப்போரை விலக்கி, தருவோர்க்குப் பங்களித்து, பெயரில்லாதோரையும் பட்டியலில் சேர்த்து அனுமதிக்கலாம். 'பாடு' என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும் பொருளுண்டு. துன்பம் என்றும் பொருளுண்டு. ஆண்டவரின் திருப்பாடுகளைத் தியானிக்கும் நாம், பிறர் பட்ட பாட்டை விலையின்றி அள்ளுவதை முன்னேற்றம் என்று அழைக்கலாகாது.