மிகையூதியமும் கருணைத்தொகையும்: தொழிலாளர் கோரிக்கைச் சொற்களின் தமிழாக்கம்

1. முன்னுரை

தொழிலாளர் தம் மனக்குறையை ஒரு மொழியில் சொல்கின்றனர். நிருவாகம் அதற்கு மற்றொரு மொழியில் ஒப்பமிடுகிறது. இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் சொல், கைக்கு வந்த பணம் உரிமையா, கொடையா என்பதையும் சுட்டிவிடுகிறது. 'போனஸ்', 'எக்ஸ்கிரேசியா' என்னும் இரண்டுக்கும் தமிழில் வழங்கும் மிகையூதியம், கருணைத்தொகை என்னும் ஆக்கங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. பின்புலம்

முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், பம்பாய்ப் பஞ்சாலைகள் ஊதியத்தில் 10 விழுக்காட்டைப் போர்க்கால போனசாக அளித்தன. பின்னர் ஆண்டுதோறும் தரப்பட்டுவந்த போனஸ் 1923ஆம் ஆண்டுக்கு மறுக்கப்படவே, 1924இல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்த குழு, வழக்கத்தாலோ சட்டத்தாலோ நியாயத்தாலோ தொழிலாளர்க்கு இதில் உரிமையில்லை என முடிவு கூறியது. அவ்வுரிமையை 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் நாடு முழுமைக்குமாக வரையறுத்தது. தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த கீழெல்லை பின்னர் 8.33 ஆயிற்று, மேலெல்லை 20. ஊதியங்கள் பற்றிய 2019ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் இவ்வெல்லைகளையே கொண்டுள்ளது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத ஊதியம். பொதுவிதியாக, இலாபமில்லா ஆண்டிலும் இக்கீழெல்லைத் தொகையைத் தந்தே ஆகவேண்டும்.

3. மிகையூதியம்

'மிகை' என்பது வேண்டிய அளவைக் கடந்ததைக் குறிக்கும். மிகைபடக் கூறலை நன்னூல் நூற்குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றுக்கு மிகை எனப் பெயரிடுவது பொருந்துமா என்பது வினா. போனஸ் என்பது காலந்தாழ்த்தித் தரப்படும் ஊதியமே என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் வாதம். 'மிகையூதியம்' அவ்வாதத்தைச் சொல்லளவிலேயே மறுத்துவிடுகிறது. தொழிலாளரோ 'போனஸ்' என்றே வழங்குகின்றனர். அதன் இலத்தீன் மூலப்பொருள் தமிழ்ச் செவிக்கு எட்டுவதில்லை. ஆகவே அது எப்பக்கமும் சாய்வதில்லை. தனித்தமிழாக்கத்தைவிடக் கடன்சொல் நடுநிலையாக அமையும் இடங்களுள் இஃது ஒன்று.

4. கருணைத்தொகை

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் தமிழ் பேசும் பெண் தொழிலாளர், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுப் போராடினர். 'பெம்பிளை ஒருமை' என்பது அவர்தம் இயக்கத்தின் பெயர். இலக்கணம் கற்றோர்க்கு ஒருமை என்பது எண்; அப்பெண்களுக்கு அது மலையாள வழக்கிற்போல ஒற்றுமை. முந்தைய ஆண்டில் 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அவர்கள் கேட்டது 20 விழுக்காட்டுப் போனஸ். உடன்பாட்டில் கிடைத்தவை 8.33 விழுக்காட்டுப் போனசும், 11.67 விழுக்காட்டு எக்ஸ்கிரேசியாவும். எண்ணளவில் கோரிக்கை நிறைவேறியது, சொல்லளவில் நிறைவேறவில்லை. தமிழ்நாட்டுப் பொதுத்துறைத் தொழிலாளர்க்கான தீபாவளி அறிவிப்புகளிலும் இதே பகுப்பைக் காணலாம்.

இலத்தீன் தொடரின் பொருள் 'அருளால்' என்பதே. ஆதலின் கருணைத்தொகை மூலத்துக்கு நெருக்கமான ஆக்கம். ஆனால் போராடிப் பெற்ற தொகையைக் கருணை எனல் நிகழ்ந்ததற்கு மாறானது. இதனைத் தவிர்க்கக் 'கூடுதல் தொகை' எனலாமே என்பர் சிலர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. எக்ஸ்கிரேசியா என்று எழுதுவதன் வழி, தனக்குச் சட்டக் கடமை இல்லை என நிருவாகம் தன்னைக் காத்துக்கொள்கிறது. 'கூடுதல் தொகை' இவ்வுண்மையைத் தொழிலாளரிடமிருந்து மறைத்து, 20 விழுக்காடும் சட்ட உரிமை என நம்பவைக்கும். கருணை என்னும் சொல் புண்படுத்தினாலும் எச்சரிக்கவும் செய்கிறது.

5. வினைச்சொல்

பெயரைப் போலவே வினையும் நோக்கத்தக்கது. ஈ, தா, கொடு என்பவற்றை முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பியம் வகுத்தது. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. எனினும் தருவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலான உயர்வுதாழ்வை வினை காட்டும் என்னும் கருத்து மறையவில்லை. அரசுக்கு வரி 'செலுத்தப்படுகிறது'. தொழிலாளிக்குப் போனஸ் 'வழங்கப்படுகிறது'. இரண்டும் சட்டக் கடப்பாடுகளே. ஆங்கிலச் சட்டம் இரண்டுக்கும் ஒரே வினையை ஆளத் தமிழாக்கம் மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது.

6. முடிவுரை

போனஸ் என்பதை அவ்வாறே ஆள்வதும், அதனோடு 'செலுத்து' என்னும் வினையைச் சேர்ப்பதும் தக்கன. எக்ஸ்கிரேசியாவை உடன்பாட்டு ஆவணங்களில் 'கடப்பாடின்றித் தரும் தொகை' எனலாம். இத்தொடர் சட்டநிலையை மறைப்பதில்லை. தருவோர்க்கு அருளாளர் என்னும் சிறப்பையும் ஏற்றுவதில்லை. நீளம் இதன் குறையே. ஆயினும் தான் ஒப்பமிடும் தாளில் அடுத்த ஆண்டு எதை உரிமையுடன் கேட்கலாம், எதை மீண்டும் போராடியே பெறவேண்டும் என்பதைத் தொழிலாளி தெளிவாக அறிய ஒரு சொல் நீள்வது தகும்.