மஞ்சள் பஸ்ஸின் மூன்று சுரங்கள்

பருத்தித்துறையிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு பெர்ன் நகரம் முதல் நாளே பிடித்துவிட்டது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளும் கல்வளைவு நடைபாதைகளில், மழை பெய்தாலும் நனையாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தில் கரடிப் பொம்மைகள் சுற்றி வருவதைப் பார்க்க இரண்டு தடவை நின்றார்.

ஆனால், வந்த உறவுகளைக் கூட்டிப்போக சுவிஸில் தபால் பஸ்ஸுக்கு நிகராக எதையும் நான் சொல்லமாட்டேன். 1906இல் பெர்னிலிருந்து டெட்லிகனுக்கு ஓடத் தொடங்கிய சேவை அது. மைரிங்கன் வரை ரயிலில் போய், அங்கே மஞ்சள் பஸ் ஏறினோம். 2,164 மீட்டர் உயரத்திலுள்ள கிரிம்செல் கணவாய் வரை கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வருவது தெரியாத திருப்பங்களில் சாரதி ஹோர்னை அமுக்குகிறார். மூன்றே சுரங்கள். 1829இல் மேடையேறிய ரோசினியின் 'வில்லியம் டெல்' இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்தவை. அதட்டாத எச்சரிக்கை அது. பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிடுகிறது. மலைத் தபால் சாலைகளில் இந்த வண்டிக்கே முதலிடம். சாரதி கைகாட்டினால் மற்ற வாகனங்கள் கட்டுப்பட வேண்டும். அது சட்டம்.

"தம்பி, இன்னொருக்கா ஊதச் சொல்லன்" என்றார் பெரியம்மா, கண்ணாடியில் நெற்றி பதித்தபடி. சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த வளைவு வந்துவிட்டது.

கிரிம்செல் பாதையைப் பனி பல மாதங்கள் மூடிவிடும். ஊரிலிருந்து யாரையும் கூப்பிடுவதென்றால் ஜூலை, ஆகஸ்டில் கூப்பிடுங்கள். யன்னலோர இருக்கையை அவர்களுக்கே விடுங்கள்.