941 என்ற நல்ல எண்

பெரிய கோப்பு ஒன்றை இன்னொரு கணினிக்கு அனுப்பி நெட்வொர்க்கின் வேகத்தைக் கணிப்பது பலரின் வழக்கம். அதில் ஹார்டு டிஸ்க்கின் மந்தமும் கலந்துவிடும். ஐபெர்ஃப்3 அந்தக் கலப்படத்துக்கு இடம் தருவதில்லை. நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே தரவை அனுப்பி, நெட்வொர்க்கை மட்டும் அளக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலிருந்து இயங்கும் ஈஎஸ்நெட் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இது.

ஒரு கணினி சர்வராகக் காத்திருக்கும். மற்றது கிளையன்ட்டாக அழைக்கும். 10 விநாடி, விநாடிக்கு ஒரு வரி, கடைசியில் சராசரி.

நல்ல கிகாபிட் இணைப்பில் அந்தச் சராசரி பெரும்பாலும் 941 மெகாபிட்டில் வந்து நிற்கும். மிச்சம் 59 எங்கே போனது? முழு அளவு ஈதர்நெட் பொதி ஒவ்வொன்றும் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் பயனுள்ள தரவு 1,448 பைட்தான். மற்றவை முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி. வகுத்துப் பார்த்தால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது!

941-க்குப் பதில் 94 வந்தால் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி அறுந்தாலே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். கட்டளையில் பெரிய 'ஆர்' சேர்த்தால் எதிர்த்திசை வேகமும் தெரியும்.