உள்ளமும் கையும் விழியும்

ஒரு செய்யுள் மக்களிடையே மிகப் பழகிவிட்டால் அதனைப் பாடுவார் பெருகுவர், படிப்பார் அருகுவர். நாவிற்கு எளிதாய் வருவது கருத்திற்கும் எளிதாயிருக்கும் என்று கொள்வது உலகியல்பு. சுவாமி விபுலானந்தர் பாடிய மூன்று மலர்களைப் பற்றிய சிறு பாடல் இத்தகைய நிலையை எய்தியுள்ளது. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் அதனை அறியாத மாணவர் அரியர். பள்ளி வழிபாட்டிலும், அடிகளின் நினைவு விழாக்களிலும் அது பண்ணோடு பாடப்பெறுகின்றது. எனினும், அப்பாடல் கூறுவது யாது என்று வினவின், ‘புறப்பூசை வேண்டா, மனம் ஒன்றே போதும்’ என்ற ஒற்றை விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை பாடலுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பாடலை நோக்குமுன் பாடியவரின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் தகும். இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்ததும், மட்டக்களப்பு மரபில் வளர்ந்ததுமான காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், கிறித்தவப் பள்ளிகளிற் பயின்று, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆயினார். 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். பின்னர் ஈழம் மீண்டு மிஷன் பாடசாலைகளைப் பேணினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலேயே இறையடி எய்தினார். பண்டிதரும் விஞ்ஞானியும் துறவியும் ஒருவராய் அமைந்த இவர், தம் நெஞ்சின் வழிபாட்டைச் சொல்லப் பெருங்காப்பிய நடையைத் தேர்ந்தாரல்லர்; தோழி தோழியோடு உரையாடும் எளிய மகளிர் பாட்டின் நடையையே தேர்ந்தார் என்பது கருதத்தக்கது.

பாடல் நந்நான்கு அடிகளாலான மூன்று கண்ணிகளைக் கொண்டது. ஒவ்வொரு கண்ணியும் ஒரே நெறியிற் செல்கின்றது. முதலிரண்டு அடிகளில் இறைவன் திருவடிக்கு ஏற்ற மலர் இதுவோ அதுவோ என்ற வினா எழுகின்றது. மூன்றாம் அடி அவை இரண்டையும் மறுக்கின்றது. நான்காம் அடி உண்மை மலரைக் காட்டுகின்றது. வினா, மறுப்பு, விடை என்னும் இவ்வமைப்பு, ‘இஃதன்று, இஃதன்று’ என விலக்கி மெய்ப்பொருளை உணர்த்தும் உபநிடத நெறியை ஒத்தது. ஆயினும், அந்நெறியின் கடுமை இங்கு இல்லை. கும்மியும் ஊஞ்சலும் வசந்தன் கூத்தும் வழங்கும் நாட்டில், பெண்கள் ஒருவரையொருவர் ‘அடி’ என விளித்துப் பேசும் உரிமை மொழியில் அது உருக்கொண்டுள்ளது. வேதாந்தம் முற்றத்திற்கு வந்து மகளிரோடு அமர்ந்தாற் போல்வது இது.

இனி, பொதுவாய்க் கொள்ளப்படும் பொருளை நோக்குவோம். மலர் வேண்டா, மனம் போதும் என்பார் அதனால் வழிபாடு எளிதாகிவிட்டது என்றே கருதுகின்றனர். பூக்கொய்தலும் நீராடலும் கோயிலுக்கு நடத்தலும் இன்றி, இருந்தவிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும் என்பது அவர் கொள்கை. சைவ மரபோ அகப்பூசையை இங்ஙனம் எளிதாக்கியதன்று. கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் எட்டினையும் அகப்பூசைக்குரிய மலர்களாக வகுத்த மரபினை எண்ணுக. கடையிற் காசு கொடுத்துப் பெறத்தக்க மலர் இவற்றுள் ஒன்றேனும் உண்டோ? பெரிய புராணம் கூறும் பூசலார் வரலாறும் இதனையே வலியுறுத்தும். திருநின்றவூரிற் பொருளின்றி வாழ்ந்த அவர் மனத்திற் கோயில் எடுத்தார். ஆனால், நினைத்த மாத்திரத்தில் அதனை முடித்தாரல்லர். பொருள் திரட்டி, தச்சரைக் கூட்டி, நன்னாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் துயிலாது நெடுநாள் உழைத்துச் சிகரம் வரை உயர்த்தினார். மதிலும் கிணறும் குளமும் அமைத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானுக்கு எத்துணை உழைப்பு வேண்டியிருந்ததோ, அதனினும் மிக்க உழைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. கற்கோயிலுக்குக் கூலியாளை அமர்த்தலாம். மனக்கோயிலுக்குக் கட்டுபவன் ஒருவனே.

இக்கருத்தோடு முதற் கண்ணியை அணுகுவோமாயின், அங்கு மல்லிகை மறுக்கப்பட்டு உள்ளத் தாமரை வேண்டப்படுவதன் அருமை விளங்கும். மல்லிகை வீட்டுமலர், கைக்கெட்டும் தொலைவிற் பூப்பது, மாலையிற் பறித்து அன்றே சூடத்தக்கது. தாமரையோ சேற்றில் வேரூன்றி, நீரின் ஆழத்தைக் கடந்து, ஒளியை நோக்கி எழுவது. உள்ளத்தைத் தாமரையாகக் கூறுதல் மிகப் பழைய உவமையே. ஆயினும், எளிதிற் பெறும் மலரை விலக்கி, ஆழத்தினின்று எழும் மலரை வேண்டுகின்ற இடத்தில் அது தன் பழமை நீங்கிப் புதுப்பொருள் பெறுகின்றது.

இரண்டாம் கண்ணியிலே ஒரு வியப்பு உண்டு. முதற் கண்ணியில் வேண்டப்பட்ட தாமரையே இங்கு விலக்கப்படும் மலர்களுள் ஒன்றாய் வருகின்றது. கட்டவிழ்ந்த தாமரையும் கழுநீரும் அல்ல என்று மறுத்துக் கூப்பிய கைகளாகிய காந்தளைக் கவிஞர் காட்டுகின்றார். சற்று முன்னர் ஏற்ற பெயரையே இப்பொழுது தள்ளுதல் முரணன்றோ என ஐயுறுவார் உளர். முரணன்று; பாடலின் உயிர்நிலையே இதுவாகும். தாமரையென்னும் பெயர் பொதுவாயினும், பொய்கையில் மலர்வதும் உள்ளத்தில் மலர்வதும் வேறு. முன்னதைக் கொய்தால் அது தண்டை விட்டு நீங்கும். பின்னதைப் படைத்தாலும் படைத்தவனை விட்டு அது நீங்காது. அன்றியும், இக்கண்ணியில் இறைவன் மணமகனாய் வந்தவன் எனப்படுகின்றான். மணத்திலே பற்றப்படுவது கையன்றோ? பெண்ணின் கைக்குக் காந்தளை உவமித்தல் சங்கப் புலவர் வழக்கு. மணமகனாய் வந்த இறைவனுக்குக் கைமலரைக் காட்டிய பொருத்தம் தற்செயலாய் அமைந்ததன்று.

மூன்றாம் கண்ணி மேலும் உயர்ந்து செல்கின்றது. விலக்கப்படும் மலர்களின் வரிசையை முதலிலிருந்து நோக்குக. வீட்டு மல்லிகையும் பொய்கைத் தாமரையும் கழிந்தபின், சிவபெருமான் தானே சூடும் கொன்றை வருகின்றது. அதற்கும் அப்பால் மண்ணுலகில் இல்லாத கற்பகம் வருகின்றது. இறைவனுக்கு உரியதென மரபு போற்றும் மலரும், வானுலகத்து வாடா மலரும் கூட மறுக்கப்படுகின்றன. பின்னர்க் காட்டப்படுவது யாது? நாட்டிய விழியாகிய நெய்தல். கற்பகத்தினும் உயர்ந்ததாகக் காட்டப்படும் இம்மலர், உப்பங்கழியின் ஓரத்தில் எவரும் நட்டு வளர்க்காமலே பூத்துக் கிடப்பது. எழுவான்கரையிற் பிறந்து, கடலும் கழியும் கண்டு வளர்ந்த ஒருவர், விண்ணுலக மலரை விலக்கிவிட்டு நெய்தற்குத் திரும்புதல் இயல்பே; அதன் பொருளோ ஆழமானது. நாட்டம் என்னும் சொல் கண்ணையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். நாட்டுதல் என்பது நிலைபெற ஊன்றுதல். ஆகவே, அலையாது ஊன்றிய பார்வையே இறுதி மலர் எனப்படுகின்றது. தியானத்தைத் தமிழில் இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது.

இங்கே ஒன்று நுணுகி நோக்கற்பாலது. தியானம் என்றவுடன் கண்மூடி இருத்தலே பலர் நினைவிற்கு வரும். இப்பாடலிலோ கண்ணே மலராகின்றது. நெய்தல் பகலில் விரிந்து மாலையிற் குவிவது எனப் பழம்புலவர் பாடினர். வேண்டப்படுவது மலர்ந்த நெய்தலாயின், வேண்டப்படுவது திறந்த விழியே. உலகத்தை மறைத்துக்கொண்டு பெறும் அமைதி இப்பாடலின் முடிந்த நோக்கமன்று. உலகத்தின் நடுவே நின்று, காண்பது யாதாயினும் அதனை முழுதும் காணும் பார்வையே அதன் முடிபு.

ஆதலின், உள்ளம், கை, விழி என்னும் முறைவைப்பு பொருளுடைத்து. அகப்பூசையைப் புகழும் பாடல் உள்ளத்தில் தொடங்கி உள்ளத்தில் முடிந்திருக்கலாம். இது அங்ஙனம் முடியவில்லை. அகத்தே தொடங்கிய மலர்ச்சி கைக்கு இறங்கிப் பணிவாகி, விழிக்கு ஏறி நோக்காகின்றது. உள்ளம் மலர்ந்தது என்பதற்குச் சான்று கையிலும் கண்ணிலும் காணப்படல் வேண்டும். ஒருவன் எத்துணை நாழிகை தியானத்தில் இருந்தான் என்பதைக் கொண்டன்று, எழுந்த பின்னர் அண்டை வீட்டானை எவ்வாறு நோக்குகின்றான் என்பதைக் கொண்டே அவனது அகவளர்ச்சி அளக்கப்படும். ‘மனம் ஒன்றே போதும்’ என்பார் முதற் கண்ணியோடு நின்றுவிட்டவராவர்.

குறை கூறாத திறனாய்வு முழுமை பெறாது. இப்பாடலின் கை கூப்பிய கையே, உழைக்கும் கையன்று. வயலிற் களைபறிக்கும் கையும் வாவியில் வலைவீசும் கையும் இறைவனுக்கு மலராகா எனக் கவிஞர் கூறினாரல்லர். ஆயினும், அவற்றை அவர் பாடவில்லை. மேலும், பாடலின் இனிய ஓசை அதன் கருத்தின் கடுமையை மறைக்கின்றது. மூன்று விடைகளும் ஒரே சந்தத்தில் வந்து விழுவதால், கேட்போர் உள்ளம் இனிமையில் அமைந்துவிடுகின்றது, தன்னை வினவிக்கொள்வதில்லை. எளிமையை நாடிய நடைக்கு நேரும் இழப்பு இது.

முதற் குறையை நிறைவு செய்வது அடிகளின் வாழ்க்கை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் 1929 இற் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. அதனையும் பிற பாடசாலைகளையும், ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தையும் பேணிய கை கூப்புதலோடு அமைந்த கையன்று. கருமயோகத்தை நூலிற் படித்தவர் கணக்கேட்டிலும் வகுப்பறையிலும் அதனைப் பயின்றார்.

நாட்டிய விழிக்குச் சான்று யாழ்நூல். வழக்கொழிந்த யாழ்க்கருவியின் இயல்பைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் குறிப்புகளிலிருந்து மீட்டெடுக்கப் பதினான்கு ஆண்டுகள் அவர் உழைத்தார். நரம்புகளின் அளவைக் கணிதத்தாற் கண்டு, பாலையும் பண்ணும் பிறந்த முறையை நிறுவினார். அந்நூலில் மட்டக்களப்பு வாவியின் இசையும் இடம்பெற்றுள்ளது. நிலாக்காலத்து நள்ளிரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் இட்டு அதன் மறுமுனையிற் செவியை வைத்தால் நீருக்குள்ளிருந்து ஓர் ஒலி கேட்கும் என்பது இந்நாட்டார் பலரும் அறிந்த செய்தி. மீன்பாடும் தேனாடு என்னும் பெயர் அதனால் எழுந்ததே. பிறர் வேடிக்கையாய்க் கேட்டுச் சென்ற அவ்வொலியை அடிகள் ஊன்றிக் கேட்டார். அதிலே சுரங்களை நாடினார். நீரரமகளிர் பாலை பாடி ஆடுவதாகக் கற்பனையும் செய்தார். விஞ்ஞானியின் செவியும் கவிஞனின் உள்ளமும் துறவியின் அமைதியும் ஒன்றுபட்ட இடம் அது. அன்றாடம் கண்முன் கிடக்கும் உப்புநீரை இவ்வளவு ஊன்றி நோக்குதலும் வழிபாடே என்று கொள்ளின், மூன்றாம் கண்ணியின் பொருள் தெளிவாகும்.

இரண்டாவது குறையோ பாடுவோராலேயே நீங்கற்பாலது. அடிகளின் உடல் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பெற்றது. அச்சமாதியிலே இப்பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. நினைவு நாளில் அங்கு வருவோர் மலர்மாலை சூட்டி வணங்குவர். மலரை மறுத்த பாடலின் முன்னரே மலர் குவிகின்றது. இதனை நகைத்தற்கு இடமில்லை. கொண்டு செல்லும் மாலையோடு தம் கடமை முடிந்ததென எண்ணுவார்க்கே அப்பாடல் மறுப்பாகும். மாலையை வைத்துவிட்டுத் திரும்புகையில், எதிர்ப்படும் மாணவனையும் கரையில் வலையுலர்த்தும் தொழிலாளனையும் ஊன்றி நோக்கும் விழி ஒருவர்க்கு வாய்க்குமாயின், கல்லில் எழுதிய அம்மூன்று கண்ணிகளையும் அவர் படித்தவராவர்.