பெட்டியைக் கழற்றும் முன்

ஓசூரில் 1980-இல் பிறந்த டிவிஎஸ் 50 இன்னும் பல வீட்டுக் கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதை மறுபடி ஓட்ட நினைப்பவர் டேங்கைக் கழுவுகிறார், கார்புரேட்டரைப் பிரிக்கிறார், பிளக்கை மாற்றுகிறார். ஏர் ஃபில்டர் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. பெட்டியைத் திறந்தால் பழைய ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் பொடியாக உதிர்கிறது. சில வண்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அப்போது பலரும் பெட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, கார்புரேட்டர் வாயில் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் ஒன்றைக் கிளிப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள்.

அதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய பெட்டிகள் வெடித்திருக்கும், ரப்பர் குழாய் இறுகிப் பிளந்திருக்கும். பிளவு வழியே காற்று புகும் பெட்டிக்குள் புது ஸ்பாஞ்ச் வைத்தாலும் தூசி நிற்காது. உடைந்த பெட்டியைக் கம்பியால் கட்டி ஓட்டுவதைவிட, நன்றாகப் பொருந்திய கூம்பு மேல் என்றே சொல்வேன். கழற்றிக் கழுவுவதும் எளிது.

ஆனால் இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காற்றும் பெட்ரோலும் ஆயிலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், கனெக்டிங் ராடு பேரிங்கைத் தடவிக்கொண்டுதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. தூசி புகுந்தால் பேரிங், பிஸ்டன், போர் மூன்றுமே தேயும். 50 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால், கணக்குப்படி அந்த ஒரு நிமிடத்தில் 250 லிட்டர் காற்றை இழுக்கும். செம்மண் பாதையில் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூசியைவிடப் பெரிய ஆபத்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் இருக்கிறது. பெட்டியின் குறுகிய வாயும் ஸ்பாஞ்சும் காற்றைத் தடுக்கும் அளவைக் கணக்கில் கொண்டே மெயின் ஜெட்டின் துளை தீர்மானிக்கப்பட்டது. பெட்டியை எடுத்தால் காற்று கூடுகிறது, பெட்ரோல் கூடுவதில்லை. கலவை லீன் ஆகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் இதனால் சூடு ஏறும். இங்கே ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், சூடு ஏறும் நேரத்தில் மசகும் போதாமல் போகிறது. முதல் சில நாள் வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். ‘நல்லா இழுக்குது’ என்று சந்தோஷப்படுவோம். பிறகு ஒரு நீண்ட சாலையில், முழு ஆக்ஸிலேட்டரில், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ரீபோர் செலவு ஃபில்டர் விலையைப் போலப் பல மடங்கு.

அதனால் பெட்டியைக் காப்பாற்ற முடிந்தவரை முயல வேண்டும் என்பதே என் கட்சி. வெடிப்பை ஒட்டலாம், ரப்பரை மாற்றலாம். காகித ஃபில்டர் இதற்குத் தோதில்லை. கார்புரேட்டர் திருப்பித் துப்பும் ஆயில் புகையில் அது சீக்கிரம் அடைபடும். வெறும் கம்பிவலை பெரிய துகளைத்தான் பிடிக்கும். ஃபில்டருக்கென்றே விற்கும் ஸ்பாஞ்சை அளவுக்கு வெட்டி வைப்பதே சரி. சோபா பஞ்சு வேண்டாம், பெட்ரோல் பட்டால் அது சிதைந்து ஜெட்டுக்குள் போகலாம். நல்ல ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஆயில் தடவிப் பிழிந்து போட்டால் நெடுநாள் உழைக்கும். ஆயில் தடவாத ஸ்பாஞ்ச் நுண்தூசியை விட்டுவிடும்.

கூம்பைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஒரு படி பெரிய ஜெட் போட்டு, கொஞ்ச தூரம் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறம் நல்லது, வெளுத்திருந்தால் இன்னும் பெரிய ஜெட் தேவை.

ஜெட்டை மாற்றியும் வெளுப்பு போகவில்லையென்றால் ஃபில்டரை விட்டுவிட்டு கிராங்க் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். பல வருஷம் நின்ற வண்டியில் அது இறுகி, வேறு பக்கமாகக் காற்றை உள்ளே விடும். அந்தச் சீலை மாற்றாதவரை எந்த ஃபில்டர் போட்டாலும் பிளக் வெள்ளையாகத்தான் வரும்.