திருப்பிக் கொடுக்கப்படும் எடை

ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் இதயநோய் மருத்துவர் சூவா தேய் உருவாக்கிய சிகிச்சைக்கு ‘வாவோன்’ என்று பெயர். அகச்சிவப்புக் கதிர்களால் 60 டிகிரிக்குச் சூடாக்கிய அறையில் நோயாளி 15 நிமிடம் உட்காருவார். வெளியே வந்ததும் போர்வைக்குள் 30 நிமிட ஓய்வு. உள்ளே போகுமுன் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை எடை பார்ப்பார்கள். எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிடுவார்கள்.

அகச்சிவப்பு சானாவை எடைக்குறைப்புக் கருவியாக விற்பவர்கள் லாபமாகக் காட்டுவது இந்தக் கிராம்களைத்தான். முழங்கால் தேய்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள் ஆகியோரை நோக்கித்தான் இந்த விற்பனைப் பேச்சு அதிகம் வருகிறது. உட்கார்ந்தபடியே அரை மணி நேரத்தில் 600 கலோரி வரை எரியும் என்கிறார்கள். உடற்பயிற்சிக்கு வழியில்லை என்று மனம் சோர்ந்திருப்பவருக்கு இதைவிட ஆறுதலான வாக்குறுதி கிடைக்காது. அதனால்தான் இதைக் கறாராகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு வேர் உண்டு. 1981இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கடிதம், சானாவில் அரைக் கிலோ வியர்ப்பவர் ஏறத்தாழ 300 கலோரி செலவிடுகிறார் என்றது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக 580 கலோரி அளவுக்கு வெப்பம் தேவை என்பது உண்மை. ஆனால் சானாவில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைத் தருவது மின்சாரம். அறை உடம்புக்குள் ஏற்றும் சூட்டை வியர்வை வெளியேற்றுகிறது. கொழுப்பு கரைந்துதான் வியர்வை ஆவியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் வெப்பத்தில் உடல் எதையுமே எரிப்பதில்லையா? கொஞ்சம் எரிக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 14 ஆண்களை 40 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து அளந்தார்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன. செலவான ஆற்றல் சுமார் 140 கலோரி, அதாவது சும்மா இருப்பதைவிட 80 சதவீதம் கூடுதல். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால், வெந்நீரால் கூடியது 60 கலோரி சொச்சம். ஓர் இட்லியின் கணக்கு அது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. இந்த வேகத்தில் அதைக் கரைக்க 120 மணி நேரத்துக்கு மேல் வெந்நீரில் கிடக்க வேண்டும். சானாவும் வெந்நீர்த் தொட்டியும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனாலும் அசையாத உடம்பைச் சூடாக்குவதில் கிடைக்கும் பலனின் அளவு இதிலிருந்து புரியும்.

சானாவுக்கு ஆதரவானவர்கள் கையில் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. ககோஷிமா குழுவே 2003இல் வெளியிட்ட கட்டுரையில், முழங்கால் தேய்மானத்தால் உடற்பயிற்சி செய்ய முடியாத, மிகவும் பருமனான ஒரு நோயாளி 10 வார வெப்பச் சிகிச்சையில் 17.5 கிலோ குறைந்தார் என்று இருக்கிறது. வியக்கவைக்கும் எண்தான். ஆனால் அத்தனையும் கொழுப்பு என்றால், அவர் உடலில் தினமும் 1,900 கலோரிக்கு மேல் பற்றாக்குறை விழுந்திருக்க வேண்டும். கால் மணி நேரச் சூட்டால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஈடுகட்ட முடியாது. மீதிக்குச் சாப்பாட்டுத் தட்டிலும், உடம்பில் தேங்கியிருந்த நீரிலும்தான் விடை தேட வேண்டும். தவிர, இது ஒரே ஒருவரின் கதை.

இத்தனைக்குப் பிறகும் அகச்சிவப்பு அறையை மூடிவிடச் சொல்வது அநியாயம். ஜப்பானின் 19 மருத்துவமனைகளில் 149 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் வாவோன் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2016இல் வெளியாயின. முதன்மையாகப் பார்க்க நினைத்த ரத்தப் பரிசோதனையில், வாவோன் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வாவோன் பெற்றவர்கள் 6 நிமிடத்தில் நடந்து கடக்கும் தூரம் கூடியது. நெதர்லாந்தில் முடக்குவாத நோயாளிகளும் முதுகெலும்பு இறுக்க நோயாளிகளும் நான்கு வாரங்களில் எட்டு முறை அகச்சிவப்பு சானாவில் உட்கார்ந்தார்கள். அமர்வின்போது வலியும் விறைப்பும் குறைந்தன. நீடித்த பலன் நிறுவப்படவில்லை. சிறிய பலன்தான். ஆனால் காலை எழுந்ததும் விரலை மடக்க முடியாதவருக்கு அது பெரிது.

தவறு அறையில் இல்லை, அதன்மேல் ஒட்டிய ‘எடைக்குறைப்பு’ சீட்டில் இருக்கிறது. யாரைக் குறிவைத்து அந்தச் சீட்டு ஒட்டப்படுகிறதோ, அவர்களில் பலருக்கு வெப்பமே ஆபத்து. தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடல் சூடு வேகமாக ஏறும், தோல் சுட்டாலும் தெரியாது. நீரிழிவால் கால் மரத்தவர்களும் சூட்டை உணராமல் புண்பட்டுக்கொள்ளலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு உடல் சிறிது சூடேறினாலே பார்வை மங்கும், கால் தளரும். இவர்களுக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மன் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இலேயே பதிவு செய்தார். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவருக்கு வியர்வையிலும் நீர் போனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். 1997இல் எடையைக் குறைக்கச் சூட்டில் வியர்த்து, தண்ணீரையும் தவிர்த்த மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பிறகு கல்லூரி மல்யுத்தத்தில் எடை குறைக்க சானா தடை செய்யப்பட்டது. இறந்த மூவரும் உச்ச உடல்தகுதியில் இருந்த இளைஞர்கள்.

நடக்க முடியாதவர் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய முடியாதவர் அல்ல என்பதும் இந்த விற்பனையில் மறைந்துபோகிறது. தண்டுவடக் காயமுற்றவர்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல், வாரம் இருமுறை குறைந்தது 20 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சியும், இயங்கும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. கையால் சுற்றும் பெடல், நாற்காலிப் பயிற்சி, முழங்கால் வலிக்காரருக்குத் தண்ணீருக்குள் நடை என்று வழிகள் இருக்கின்றன. இவை தசையைக் காக்கும். சானா அதைச் செய்யாது. எடை குறையப் பெரும்பங்கு உணவில்தான் இருக்கிறது. மருத்துவர் சம்மதித்து, சூடு வலியைக் கொஞ்சம் தணிக்கிறது என்றால், அறையிலிருந்து வந்து தண்ணீர் குடித்து ஆறிய பிறகு, வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தைக் கைப்பெடலுக்கோ நாற்காலிப் பயிற்சிக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம்.