மத்தளம்பாறையில் ஜாவா: ஒரு மதிப்பீடு

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரி வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: எந்த லாங்குவேஜ் படித்தால் வேலை கிடைக்கும்? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த மாணவர் பதினோராம் வகுப்பில் சி++ படிக்கிறார், பன்னிரண்டில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி கணினிப் பொறியியலில் சேர்ந்தவர்களுக்கு முதல் பருவத்தில் மறுபடியும் பைத்தான், மூன்றாம் பருவத்தில் ஜாவா. இருபது வயதுக்குள் குறைந்தது மூன்று மொழிகளைத் தொட்டாகிவிட்டது. எது சோறு போடும் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெளிவாகவில்லை.

வேலை கொடுக்கும் நிறுவனத்தின் கேள்வி வேறு. இன்று எழுதும் நிரலைப் பத்து வருடம் கழித்து, இதை எழுதியவர்கள் எல்லாம் வெளியேறிய பிறகு, யார் திறந்து பார்த்துச் சரிசெய்யப் போகிறார்கள்? மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வணிகம் உண்மையில் எடுக்கும் முடிவு இதுதான். இதை எடைபோட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து கடையநல்லூர் வழியாகத் தென்காசி போய், அங்கிருந்து சற்றுத் தள்ளி மத்தளம்பாறைக்குப் போனால் போதும். 2011-இல் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் பயன்படுத்தும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் உருவாகி வளர்ந்த இடம் அது. அந்த நிறுவனத்தின் மென்பொருள்களில் பெரும்பகுதிக்கு அடித்தளம் ஜாவா.

ஜாவாவுக்கும் ஸோஹோவுக்கும் ஒரே வயது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழு உருவாக்கிய ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. ஸோஹோவின் முந்தைய வடிவமான அட்வென்ட்நெட் தொடங்கியதும் 1996-இல்தான். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் அதன் தொழில். வாங்குபவரில் ஒருவர் சோலாரிஸ் வைத்திருப்பார், இன்னொருவர் விண்டோஸ், மற்றொருவர் லினக்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிப் பராமரிப்பது சிறிய நிறுவனத்துக்குக் கட்டாது. ஜாவாவில் எழுதிய நிரல் இயந்திர மொழிக்கு நேரே போகாமல் ‘பைட்கோட்’ என்ற இடைநிலை வடிவமாக மாறும். அதை ஓட்டும் ஜேவிஎம் என்ற மெய்நிகர் இயந்திரம் எந்தக் கணினியில் இருக்கிறதோ, அங்கே அதே நிரல் ஓடும். விளம்பர வாசகமாகப் பலர் கேலி செய்த இந்த வசதி, பலவகைக் கணினிகளுக்கு ஒரே பொருளை விற்கவேண்டியிருந்த நிறுவனத்துக்குக் கைமேல் பலன் தந்தது.

இரண்டாவது பலம் நினைவக மேலாண்மை. சி, சி++ மொழிகளில் நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எழுதுபவரின் பொறுப்பு. அதில் ஒரு சறுக்கல் விழுந்தால் மென்பொருள் நொறுங்கும். மோசமான நிலையில் தாக்குபவருக்கு வாசல் திறக்கும். மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தவை என்று அதன் பொறியாளரே 2019-இல் சொன்னார். ஜாவா இந்த வேலையை எழுதுபவரின் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாறியின் வகையை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்ற கண்டிப்பும் சேரும்போது, புதியவர் செய்யும் பல பிழைகள் நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

மூன்றாவது பலம் மனிதர்கள் தொடர்பானது. மத்தளம்பாறைக்கு அதுவே முக்கியம். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் முறையை ஸோஹோ 2000-களின் நடுவிலேயே தொடங்கியது. அந்தப் பயிற்சிப் பள்ளி பின்னர் தென்காசிக்கும் வந்தது. இணைய இணைப்பு, ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் பிடிவாதம், நகரத்தைவிடக் குறைந்த வாழ்க்கைச் செலவு எனக் கிராமத்து அலுவலகம் நிலைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. மொழித் தேர்வையும் அதில் சேர்க்கவேண்டும் என்பது என் வாதம். ஜாவா சலிப்பூட்டும் மொழி. ஒரு சிறு வேலைக்கும் பத்து வரி கேட்கும், வித்தை காட்ட இடம் கொடுக்காது. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் புரிந்துகொள்ள முடியும். பாடப்புத்தகம் எங்கும் கிடைக்கும், சொல்லித்தர ஆள் கிடைக்கும், ஒருவர் விலகினால் அந்த இடத்தில் உட்கார இன்னொருவர் கிடைப்பார். பெரிய ஊரின் மேதைகளை நம்பாமல் சிறிய ஊரின் உழைப்பை நம்பும் நிறுவனத்துக்கு இந்தச் சலிப்பே முதலீடு.

எதிர்வாதத்துக்கு வலுவான சாட்சி வாட்ஸ்அப். எர்லாங் என்ற, பலர் பெயரே கேட்டிராத மொழியில் அதன் சர்வர்கள் எழுதப்பட்டன. தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய மொழி அது. 2014-இல் ஃபேஸ்புக் வாங்கியபோது வாட்ஸ்அப்பில் ஐம்பது சொச்சம் ஊழியர்கள், 45 கோடி பயனர்கள். வேலைக்குப் பொருந்திய மொழி, கைதேர்ந்த சிறு குழு என்ற சேர்க்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப் செய்தது ஒரே வேலை. கணக்கு, சம்பளம், மின்னஞ்சல், வாடிக்கையாளர் பதிவு என்று பல பொருள்களைச் செய்யும் நிறுவனத்துக்கு அந்த வழி பொருந்துவது அரிது. ட்விட்டர் எதிர்த்திசையில் நடந்தது. ரூபி மொழியில் வேகமாகக் கட்டி எழுப்பிய சேவை கூட்டம் தாங்காமல் திணறியபோது, 2011-இல் தன் தேடல் பகுதியின் முன்முனைச் சர்வரை ஜாவாவுக்கு மாற்றியது. வேகம் மூன்று மடங்கானது என்று அந்நிறுவனமே எழுதியது.

இனி குறைகள். முதல் குறை, பலத்தின் அடியிலேயே இருக்கிறது. பழைய ஜாவா நிரல் புதிய ஜேவிஎம்மிலும் பெரும்பாலும் ஓடும். வணிகங்கள் ஜாவாவை விரும்பக் காரணமும் இதுதான், பழைய பாகங்களைத் தொடாமலே விட்டுவைக்கக் காரணமும் இதுதான். ஓடிக்கொண்டிருப்பதை மாற்று என்று எந்த மேலாளரும் பணம் ஒதுக்கமாட்டார். 2023 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு குறை இதற்கு நேரடி உதாரணம். ஸோஹோவின் ஒரு பிரிவான மேனேஜ்எஞ்சினின் 24 மென்பொருள்கள் அதனால் பாதிக்கப்பட்டன. நுழைவுரிமைக் கோப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க அப்பாச்சி சான்டுவாரியோ என்ற இலவச ஜாவா நூலகத்தின் மிகப் பழைய பதிப்பு அவற்றுக்குள் இருந்தது. ஒற்றை உள்நுழைவு வசதி இயக்கப்பட்டிருந்த இடங்களில் அதன் வழியாகக் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்து கணினியைக் கைப்பற்ற முடிந்தது. நிறுவனம் 2022 இறுதியிலேயே திருத்தங்களை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு பாகம் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களில் அசையாமல் கிடந்தது என்ற உண்மை உறுத்துகிறது.

2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஷெல் என்ற குறை இதே கதையின் பெரிய வடிவம். அது ஒளிந்திருந்த லாக்4ஜே, மென்பொருள் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்க உதவும் சின்ன நூலகம். தான் குறிக்கும் வாசகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட கட்டளை வடிவம் இருந்தால், அது சுட்டும் வெளி முகவரிக்குப் போய் நிரலை இழுத்து வந்து ஓட்டிவிடும் குணம் அதற்கு அப்போது இருந்தது. 2013-இல் யாரோ கேட்டார்கள் என்று சேர்த்த வசதி அது. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழு சொல்லும்வரை எட்டு வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. தங்கள் மென்பொருளுக்குள் லாக்4ஜே இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் வாரக்கணக்கில் தேடின. ஜாவா உலகில் எந்த வேலைக்கும் தயார் நூலகம் கிடைக்கும். அந்த வளத்தை எடுத்துக்கொள்ளும்போது முகம் தெரியாதவர்களின் கவனக்குறைவும் கூடவே வந்துவிடுகிறது.

எல்லாப் பழியையும் மொழியின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததும், 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாரின் கைக்கு எட்டியதும் 2022 ஜனவரியில் தெரியவந்தது. மேனேஜ்எஞ்சினின் ஒரு மென்பொருளில் இருந்த வேறோர் அனுமதிச் சோதனைக் குறைதான் அங்கே வழியானது. அந்தக் குறைக்கு 2021 செப்டம்பரிலேயே திருத்தம் வந்திருந்தது. தங்கள் கணினியில் அது உரிய நேரத்தில் நிறுவப்படவில்லை என்று செஞ்சிலுவைச் சங்கமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நினைவகப் பிழையை ஜாவா தடுக்கும். ‘இந்தக் கதவில் யாரைக் கேட்காமல் விடலாம்’ என்று தவறாக எழுதிய தர்க்கத்தை எந்த மொழியும் தடுக்காது.

இரண்டாவது குறை உரிமை பற்றியது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியதோடு ஜாவா என்ற பெயரும் கைமாறியது. 2019 முதல் வணிகப் பயன்பாட்டுக்கான ஜாவா 8 புதுப்பிப்புகளுக்கு ஆரக்கிள் கட்டணம் கேட்டது. 2023 ஜனவரியில் கணக்கையே மாற்றியது: ஜாவாவை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பாராமல் நிறுவனத்தில் எத்தனை ஊழியர்கள் என்று எண்ணியது. 300 பேர் வேலை செய்யும் ஒரு நூற்பாலையில் ஐந்து கணினியில் மட்டும் ஆரக்கிள் ஜாவா சந்தா தேவைப்பட்டாலும், தலைக்கு மாதம் 15 டாலர் என்ற பட்டியல் விலையில் வருடத்துக்கு 54,000 டாலர் ஆகிறது. தப்பிக்க வழி உண்டு. ஓபன்ஜேடிகே என்ற திறந்த வடிவம் இலவசம். அதை வைத்தே பெரும்பாலான வேலைகள் நடக்கும். ஆனால் தன் கணினியில் எந்த ஜாவா இருக்கிறது என்று தெரியாத நிறுவனம்தான் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது குறை, அளவுக்குப் பொருந்தாமை. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்கு ஜாவா தேவையில்லை. ஜேவிஎம் ஓட நினைவகம் நிறைய வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சின்னக் கடையின் இணையதளத்துக்குப் பிஎச்பி போதும், கணக்குக்கு டேலி போதும். டேலியில் கமிஷனையும் கூலியையும் தனியே கழித்துக்காட்ட மாற்றம் வேண்டுமென்றால் டிடிஎல் என்ற அதன் சொந்த மொழி இருக்கிறது. செயலிகளைக் கட்ட உதவும் ஸோஹோ கிரியேட்டரிலும் அதேபோல டெலூஜ் என்ற மொழி உண்டு. இரண்டும் குறுகிய வேலையைச் சில வரிகளில் முடிக்கும். நிரலாளர் இல்லாத கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

இங்கேதான் ஒரு முரண் தென்படுகிறது. தன் பொருளைக் கட்ட, யாரும் பூட்டிவைக்க முடியாத, வேறு எங்கும் எடுத்துப்போகக்கூடிய பொதுமொழியை நம்புகிறது ஸோஹோ. வாடிக்கையாளர் கையில் கொடுப்பதோ அதன் வீட்டுக்குள் மட்டும் ஓடும் மொழியை. ஐந்து வருடம் டெலூஜில் எழுதிச் சேர்த்த வணிக விதிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைத்தால் முதலிலிருந்து எழுதவேண்டும். ஜாவா, நோட்.ஜேஎஸ் நிரல்களைச் சேர்க்கவும் கிரியேட்டரில் பின்னாளில் இடம் வந்திருக்கிறது. அது நல்ல திசை. ஆனாலும் எளிமைக்குக் கொடுக்கும் விலை இது என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

எடைபோட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இது. பலர் கைபடப்போகும், பத்து வருடத்துக்கு மேல் வாழவேண்டிய மென்பொருளுக்கு ஜாவா போன்ற பொதுமொழி சரியான தேர்வு. தென்காசி மாவட்டத்தில் வேலை உருவாக்க அது உதவியிருக்கிறது, நாளையும் உதவும். ஆனால் எழுதி முடித்த நாளோடு செலவு முடிந்தது என்று எண்ணும் நிறுவனத்துக்கு அதே மொழி ஆபத்தானது. தனக்குள் எந்தெந்த நூலகம், எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு மென்பொருளும் வைத்திருக்கவேண்டும் என்ற நோக்கில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பட்டியல் போடுவது ஒருமுறை வேலை. அதில் பழையதாகிப்போனவற்றை ஒவ்வொரு காலாண்டும் மாற்ற இரண்டு பேரை நிரந்தரமாக உட்காரவைப்பதுதான் உண்மையான செலவு. புதிய வசதி எதையும் தராத அந்த இரண்டு பேரின் சம்பளத்தை வரவுசெலவில் எழுதத் துணியும் நிறுவனமே இந்த மொழியின் பலனை முழுதாக அனுபவிக்கும். மற்றவை அதன் பழைய பாகங்களின் விலையை, கேட்காத நேரத்தில், வட்டியோடு கட்டும்.